தங்கைகளின் வரிசை

பினிலி, இலோகோஸ் நோர்த்தே, பிலிப்பைன்ஸ்
6 மார்ச் 2006

அன்புள்ள லியோனோரா அக்காவுக்கு,

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் விசா என்று நான் வாயெடுத்தாலே உங்களுக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் லைன் கட் ஆகாது.

மணிலாவில் அமெரிக்கத் தூதரக நேர்காணல் முக்கால்வாசி நன்றாகவே நடந்தது. வில்லி கல்யாணச் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்; வயிற்றருகே பொத்தான் இப்பவோ அப்பவோ என்று இருந்தது. ஜோவிலின்தான் எங்கள் இருவருக்கும் தைரியம் சொன்னாள். உங்கள் கையால் தொட்டிலில் போட்ட பெண் அல்ல அவள் இப்போது. நர்சிங் மூன்றாம் வருஷம்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். நீங்கள் 1983-இல் எனக்காக மனுப் போட்டபோது அனுப்பிய என் படம் அதில் ஒட்டியிருந்தது. பதினாறு வயது, இரட்டைச் சடை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப வருஷமா காத்திருந்தீங்க போல" என்றார். "அந்தப் பொண்ணு காத்திருந்தா சார். நான் அவளோட அம்மா மாதிரி ஆயிட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார். ஆச்சு, கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் பிறப்புப் பத்திரத்தை எடுத்தார். 1967-இல் பிறந்த பிள்ளையை 1969-இல் ஏன் பதிந்தார்கள், என்னைப் பெறும்போது அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதா, உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஏன் பதினேழு வருஷம் வேறு பிள்ளையே இல்லை என்று கேட்டார். எங்கள் ஊரில் எவன் பிள்ளை பிறந்த அன்றைக்கே பதிந்தான்? பூண்டு அறுவடை முடிந்து, வேறு ஏதாவது காரியமாக முனிசிபல் ஆபீஸுக்குப் போக நேர்ந்தால் பிள்ளையையும் பதிந்துவிட்டு வருவார்கள். இதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அக்காவும் தங்கையும் டி.என்.ஏ. பரிசோதனை செய்து முடிவை அனுப்ப வேண்டும். நாம் உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள் என்று அது சொல்லிவிட்டால் மூன்று பேருக்கும் விசா.

அவ்வளவுதான் அக்கா. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சை வைத்துத் தேய்ப்பார்களாம். வலிக்காதாம். ஹோனலூலுவில் எந்த ஆய்வகம் என்று தாளிலேயே இருக்கிறது, நகல் வைத்திருக்கிறேன். ஜோவிலினுக்கு நவம்பரில் இருபத்தொன்று. அது தாண்டினால் பிள்ளை என்ற கணக்கில் அவள் வரமாட்டாள் என்று விசா வேலை பார்க்கும் பெண் பயமுறுத்துகிறாள். அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

பெர்லிதா


வாய்பாஹு, ஹவாய்
28 மார்ச் 2006

அன்பு பெர்லிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினாலு அறை கழுவியதைப் பதினாறாக்கிவிட்டார்கள். யூனியன்காரர்கள் கூட்டம் போட்டுக் காப்பி குடிக்கிறார்கள்.

அந்தப் பரிசோதனை தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆய்வகங்களில் புட்டிகள் மாறிப்போவது பற்றி இங்கே செய்தியில் வந்தது. அதற்குப் பதில் உன் ஞானஸ்நானப் பதிவை மாதாகோவிலில் கேட்டு வாங்கு. ஊரில் வயதானவர்கள் இரண்டு பேரிடம், நீ என் தங்கைதான் என்று எழுதி வாங்கி முத்திரை வைத்து அனுப்பு. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு?

இன்னொன்றும் யோசி. இங்கே வந்து என்ன செய்யப் போகிறாய்? டீச்சராக இருந்தவள் இங்கே வந்து மற்றவர்கள் கழிப்பறையைக் கழுவ வேண்டும். வில்லிக்கு அங்கே சொந்த ட்ரைசிக்கிள் இருக்கிறது, நினைத்தபோது வண்டியை நிறுத்திவிட்டுச் சேவல் சண்டைக்குப் போகிறார். இங்கே அதெல்லாம் முடியுமா? ஜோவிலின் படிப்பை முடிக்கட்டும். நர்ஸ் என்றால் அவளுக்குத் தனியாக வழி திறக்கும். அவசரம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

சீக்கிரம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். ஜோவிலினின் செருப்பு அளவு எழுது.

லியோனோரா


பினிலி
19 ஏப்ரல் 2006

அக்காவுக்கு,

செருப்பு அளவு ஏழு. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி என் பேச்சைக் கேளுங்கள்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து ஹவாய் நல்ல ஊர் இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? 1983-இல் சொல்லியிருக்கலாம். நான் வேறு பிழைப்புப் பார்த்திருப்பேன்.

இந்த ஊரில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? "கிளம்பப் போறவ." சந்தையில் மீன்காரி கேட்பாள், "என்னம்மா, இன்னும் இங்கதான் இருக்கியா?" பொழுது போகாதவர்களுக்கெல்லாம் நான்தான் தமாஷ். 1994-இல் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை வந்தது. "அடுத்த வருஷம் கிளம்பப் போறவளுக்கு எதுக்கு நிரந்தரம்" என்று நானே வேண்டாமென்றேன். அன்றிலிருந்து இன்றுவரை லீவில் போகும் டீச்சர்களுக்குப் பதிலாகத்தான் பாடம் எடுக்கிறேன். மாடி கட்ட விட்ட கம்பிகள் பதினைந்து வருஷமாகக் கூரைக்கு மேல் துருப்பிடித்து நிற்கின்றன. கிளம்பப் போகிறவர்கள் மாடி கட்டுவார்களா? ஜோவிலினுக்குத் தம்பியோ தங்கையோ பெறவில்லை. மனுவில் பேர் சேர்க்க வேண்டுமே, தாமதமாகுமே என்று. வில்லி ஆசைப்பட்டார். நான்தான் முடியாது என்றேன்.

எல்லாவற்றையும் உங்கள் கடிதங்களை நம்பித்தான் செய்தேன். "வந்துவிடும், பொறு" என்று வருஷா வருஷம் எழுதியது நீங்கள்தானே.

என் பங்குக்கு நான் மணிலா போய்ப் பஞ்சு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது உங்களிடம் கேட்பதும் ஒரு பஞ்சுதான். அது அவ்வளவு கனமா? போன வாரம் தொலைபேசியில் கேட்டபோது, லைன் வெட்டுகிறது என்று வைத்துவிட்டீர்கள். லைன் வெட்டவில்லை அக்கா. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நாங்கள் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. தனியாக இருந்து பழகிவிட்டீர்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் இடைஞ்சல்தான். அதை நேராகச் சொல்லுங்கள். ஆய்வகம், புட்டி, ஞானஸ்நானம் என்று சுற்றாதீர்கள்.

மே மாதம் முடிவதற்குள் நீங்கள் போகாவிட்டால் எனக்கு அக்கா என்று யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து, திரும்பப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

பெர்லிதா


வாய்பாஹு
22 மே 2006

பெர்லிதாவுக்கு,

போய்வந்தேன். பஞ்சு வைத்துத் தேய்த்த பெண் நம் பக்கம்தான், சினாய்ட் ஊர்க்காரி. "தங்கச்சியக் கூப்பிட்டுக்கப் போறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முடிவு நான்கு வாரத்தில் நேராகத் தூதரகத்துக்குப் போகுமாம்.

முந்தாநாள் பெட்டி அனுப்பியிருக்கிறேன். கப்பலில் வருகிறது. துண்டுகளுக்கு அடியில் ஒரு காப்பி டின் இருக்கும், அதற்குள் உனக்கு ஓர் உறை. வில்லி இல்லாதபோது தனியாகப் படி.

உங்களை வேண்டாமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

லியோனோரா


பினிலி
5 ஜூலை 2006

பெட்டி இன்னும் வரவில்லை. தூதரகத்தின் கடிதம்தான் வந்தது.

தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். கெட்டி உறை. மற்ற டீச்சர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். "பிரி, பிரி, இன்னைக்கு விருந்து உன் செலவு" என்று ஒருத்தி கையைத் தட்டினாள். அவர்கள் எல்லார் முன்னாலும்தான் பிரித்தேன்.

அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். "பரிசோதனையின்படி மனுதாரரும் பயனாளியும் உடன்பிறந்தவர்கள் அல்லர். முடிவு தாய், மகள் உறவோடு பொருந்துகிறது. மனுவில் கூறிய உறவு மெய்ப்பிக்கப்படாததால் விசா மறுக்கப்படுகிறது."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். புட்டி மாறிப்போகும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது நடந்துவிட்டது என்று நினைத்தேன். சரியான முட்டாள்கள், யாரோ ஒரு தாயையும் மகளையும் நம்முடையதோடு குழப்பிவிட்டார்கள் என்று டீச்சர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் என்னோடு சிரித்தார்கள். வயதான டீச்சர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எதற்கு உட்காரச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து வில்லியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீ தெரிஞ்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றேன்.

"எங்கம்மா நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லுச்சு. ஊர்ல பெரியவங்களுக்கெல்லாம் தெரியும் பெர்லி. நீயா அதப் பத்திப் பேசமாட்டே. சரி, மனசு நோகும் போலன்னு நானும் கேக்கல."

இருபது வருஷம். ஒரே பாயில் படுத்த மனுஷன். மீன்காரிக்குத் தெரியும், மாதாகோவில் மணி அடிக்கிறவனுக்குத் தெரியும், என் மாமியார் தெரிந்தேதான் செத்தார். இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியாது.

அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் மலம் மூத்திரம் அள்ளியது நான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா அவர்? அவரை இனி நான் என்னவென்று சொல்வது?

இந்தக் கடிதத்துக்கு நீளமாகப் பதில் வேண்டாம். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

பெர்லிதா


வாய்பாஹு
20 மே 2006
(பெட்டியில் வைத்த கடிதம். ஜூலை 17 அன்று பினிலி வந்து சேர்ந்தது.)

பெர்லிதா,

இதைத் தபாலில் போட்டிருக்கலாம். தபால் பத்து நாளில் வந்துவிடும். அதனால்தான் போடவில்லை. கப்பல் என்றால் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் ஏதாவது நடந்து இதை நீ படிக்க வேண்டியில்லாமல் போய்விடாதா என்று பார்த்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள இதுவே போதும்.

உன்னைப் பெற்றது நான்தான்.

எனக்குப் பதினேழு வயது. விகானிலிருந்து புகையிலை வாங்க வருபவன் ஒருவன். அடுத்த பருவத்துக்கு வரவில்லை. அவன் பெயர் உனக்கு வேண்டுமென்றால் நேரில் சொல்கிறேன், காகிதத்தில் எழுத மாட்டேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அம்மா என்னை லவாக்கில் ஓர் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, ஊரில் தான் வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நாற்பத்தெட்டு வயதில். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஆனால் யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பேச்சு அடங்கியதும், அப்பா போய்த் தங்கள் மகள் என்று பதிந்துவிட்டு வந்தார். நம் ஊரில் இப்படிப் பதிந்த முதல் பிள்ளை நீ இல்லை, கடைசிப் பிள்ளையும் இல்லை.

உனக்கு ஆறு வயதாகும்போது அன்செல்மோ பெண் தேடி வந்தார். ஹவாயில் கரும்புத் தோட்டத்தில் நாற்பது வருஷம் உழைத்து, அறுபது வயதில் ஊருக்கு வந்திருந்தார். ஹவாய்க்காரர் பெண் தேடுகிறார் என்றால் பினிலியில் என்ன பாடு நடக்கும் என்று உனக்கே தெரியும். பன்றி அடித்தார்கள். வீடு வீடாகத் தரகர் போனார். அன்செல்மோ கேட்டது ஒன்றுதான், பெண் கன்னியாக இருக்க வேண்டும். அம்மா சிலுவையைத் தொட்டுச் சொன்னார். விசாத் தாளில் பிள்ளைகள் உண்டா என்ற இடத்தில் தரகர் "இல்லை" என்று எழுதினார். கையெழுத்து நான் போட்டேன்.

நான் கிளம்பிய அன்று நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா அக்கா என்று அழுதாய். அம்மா உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

1983-இல் உன்னை அழைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, தாளில் உறவு என்ற கட்டம் இருந்தது. மகள் என்று எழுதினால், பத்து வருஷத்துக்கு முன் இல்லை என்று கையெழுத்துப் போட்டது பொய் என்று ஆகிவிடும். குடியுரிமையைப் பிடுங்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பக்கத்து நாற்காலியில் அன்செல்மோ உட்கார்ந்திருந்தார். தங்கை என்று எழுதினேன். "சகோதரின்னா கொஞ்ச நாளாகும்" என்று அந்த அலுவலகப் பெண் சொன்னாள். மூன்று நான்கு வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சு கொடுக்கப் போகிறேன். அக்காவே இல்லை என்று நீ எழுதிய பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. எப்படியும் ஒரே ரத்தம்தானே, ஏதோ சொந்தம் என்று மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். இன்னொரு பக்கம் காட்டிக்கொடுத்துவிடட்டும் என்றும் இருக்கிறது. என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

லியோனோரா


பினிலி
26 ஜூலை 2006

லியோனோரா அவர்களுக்கு,

காப்பி டின்னைத் திறந்தேன். படித்தேன். துண்டுகளையும் சோப்பையும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். செருப்பை மட்டும் ஜோவிலின் வைத்துக்கொண்டாள். "செருப்பு என்னம்மா தப்பு பண்ணுச்சு" என்கிறாள்.

பாடாக்கில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். குடியுரிமை உள்ள தாய், இருபத்தொரு வயது ஆகாத மகளை அழைத்தால் வரிசையே கிடையாதாம். தாள்கள் நகரும் நேரம் மட்டும்தான். பத்து மாதம், அதிகம் போனால் ஒரு வருஷம். பதினேழாவது பிறந்தநாளுக்கு நான் உங்கள் வீட்டில் இருந்திருப்பேன். வக்கீல் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

நீங்கள் என்னைத் தங்கைகளின் வரிசையில் நிறுத்தினீர்கள். உலகத்திலேயே நீளமான வரிசை அது. பக்கத்தில் மகள்களின் கதவு ஆளில்லாமல் திறந்து கிடந்தது.

அப்படி வந்திருந்தால் வில்லி இல்லை, ஜோவிலின் இல்லை என்று நீங்கள் எழுத வேண்டாம். அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்செல்மோ 1991-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு உங்களை யார் தடுத்தார்கள்? அம்மாவைப் புதைக்க 1999-இல் வந்தபோது ஒன்பது நாள் என் வீட்டில் என் கையால் சாப்பிட்டீர்கள். ஒன்பது நாளும் வாயில் சோறு மட்டும்தான் இருந்ததா?

இப்போது கல்யாணமான மகள் என்று புதிதாக மனுப் போட்டால் பதினைந்து பதினாறு வருஷம் ஆகும் என்கிறார் வக்கீல். உங்களுக்கு எழுபத்திரண்டு ஆகியிருக்கும். எனக்கு ஐம்பத்தைந்து.

பெர்லிதா


வாய்பாஹு
30 ஆகஸ்ட் 2006

பெர்லிதாவுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அன்செல்மோ இறந்தபோது மனுப் போட்டு எட்டு வருஷம் கழிந்திருந்தது. எட்டு போய்விட்டது, மீதியும் போய்விடும், நீ இங்கே வந்து இறங்கிய பிறகு சமையலறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் நினைத்தேன். அம்மா சாவுக்கு வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். நீ அம்மாவின் தலையை மடியில் வைத்து முடி வாரிவிட்டுக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் அவர் உன் அம்மா இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இது சாக்குதான். எனக்கே தெரிகிறது.

போன செவ்வாய் விடுப்புப் போட்டுவிட்டுக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். புது மனு. ஜன்னலில் இருந்த பையன் என் தாளைப் பார்த்து, "யாருக்கும்மா போடுறீங்க?" என்றான். "என் மகளுக்கு" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர் நகருங்கள் என்று சொல்லும்வரை நின்றேன். முப்பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அந்தப் பையனுக்கு அது ஒன்றுமே இல்லை. முத்திரை குத்தி ரசீது கொடுத்தான். என் பழைய பொய்யைப் பற்றி விசாரிப்பார்களா என்று தெரியாது. வந்தால் வரட்டும்.

பதினாறு வருஷம்தான். எழுபத்திரண்டு வயது ஒரு வயதா? இங்கே தொண்ணூறு வயதுக்காரர்கள் கடலில் நீந்துகிறார்கள். நான் இருப்பேன். நீ மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

உன் பிறப்புப் பத்திரத்தை நீதிமன்றத்தில் திருத்தினால்தான் இந்த மனு நிற்குமாம். அதற்கு மூன்று வாரம் செய்தித்தாளில் அறிவிப்புப் போட வேண்டும் என்கிறார்கள். என் முழுப் பெயரோடு. அந்தப் பத்திரிகை இங்கேயும் வருகிறது. வாய்பாஹுவில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள், மாதாகோவிலில் எனக்கு முன்னால் பின்னால் உட்காருகிறவர்கள். உன் வக்கீலைக் கேட்டுப் பார், பெயரில்லாமல் சத்தமில்லாமல் முடிக்க வழி இருக்கிறதா என்று. எனக்காகக் கேள்.

லியோனோரா


பினிலி
2 நவம்பர் 2006

இந்தக் கடிதத்தின் தலைப்பில் உன்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.

வக்கீலைக் கேட்டேன். பெயரில்லாமல் முடியாது. அறிவிப்பு வந்துவிட்டது, மூன்று வாரமும். வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். உன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை, சரிபார்த்தேன்.

பத்திரிகை வந்த அன்று சந்தைக்கு வேண்டுமென்றே போனேன். மீன்காரி அந்தத் தாளில்தான் மீன் மடித்துக் கொடுத்தாள். "பெர்லிம்மா, இதப் போட இவ்வளவு வருஷமா உங்களுக்கு?" என்றாள். மீனில் ஒன்று கூடுதலாகப் போட்டாள். முப்பத்தொன்பது வருஷம் நீ பயந்த ஊர் இதுதான்.

நேற்று எல்லாப் புனிதர் திருநாள், கல்லறைக்குப் போனேன். எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஏற்றினேன். பிறகு எல்லார் காதிலும் விழும்படி என்னை வளர்த்தவரைத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, வழக்கம்போல் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஜோவிலினுக்கு அடுத்த வாரம் இருபத்தொன்று. லவாக் ஆஸ்பத்திரியில் படிப்பு முடிந்ததும் சேர இடம் பேசி வைத்திருக்கிறாள். "வரிசையில நிக்கறது உன்னோட போகட்டும்மா" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சுரீரென்றது, ஆனால் சரி என்றும் பட்டது. வில்லியோடு இரண்டு மாதம் நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். சோறு போடும்போது பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

நீ போட்ட புது மனு அங்கேயே கிடக்கட்டும். திரும்ப வாங்க வேண்டாம். ஆனால் நான் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. இன்னும் பதினாறு வருஷம் கிளம்பப் போகிறவளாக என்னால் இருக்க முடியாது. வழக்குப் போட்டது விசாவுக்காக இல்லை. என் தாளில் என் தாயின் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை ஜனவரி 18, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, பாடாக் நீதிமன்றம். "பெத்தவங்க நேர்ல வந்து சொன்னா அன்னைக்கே முடிஞ்சிரும்மா. வரலைன்னா பரிசோதனைத் தாள வச்சு முடிச்சுக்கலாம், கொஞ்சம் இழுக்கும்" என்றார் குமாஸ்தா. ஆக, நீ வராவிட்டாலும் காரியம் நடக்கும். காரியத்துக்காக உன்னைக் கூப்பிடவில்லை.

நீதிபதி என் பெயரைப் படித்துவிட்டு, இவளைப் பெற்றவர் யார் என்று கேட்பார். ஜன்னலில் இருந்த யாரோ ஒரு பையனிடம் சொன்னாயே, அதை என் காது கேட்க ஒரு தடவை சொல்ல வேண்டும். பினிலிக்காரர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களும் கேட்கட்டும்.

இந்த முப்பத்துமூன்று வருஷத்தில் நீ மூன்று தடவை வந்தாய். அதில் இரண்டு சாவுக்கு. நான் அங்கே வருவதற்குத்தான் வரிசை, அலுவலகம், அதிகாரி எல்லாம். ஹோனலூலுவிலிருந்து மணிலாவுக்குப் பதினொரு மணி நேரம். அங்கிருந்து இங்கே வர உனக்கு ஒருநாளும் வரிசை இருந்ததில்லை.

பெர்லிதா